என் கேள்வி மட்டும் தமிழில்

லூயிஷாம், லண்டன்
26.4.1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் உங்கள் படப்பிடிப்புக்காரர் இருவரும் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நீங்கள் கிழக்கு பேர்லினில் இருந்து கொண்டுவந்த மரப் பொம்மையைப் பியற்றிஸ் மாமி மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா. "அவன்ர கொம்யூனிஸ்ட் சாமான் மாதாவோட நிண்டு கொஞ்சம் திருந்தட்டும்" என்கிறா. ஆனால் தூசி தட்டும்போது பொம்மையைத்தான் முதலில் துடைக்கிறா.

ஐந்து வருடத்துக்குப் பிறகு உங்களைப் பார்த்தது எனக்கு எப்படி இருந்தது என்று நேரில் சொல்ல வாய் வரவில்லை. மன்னாரில் மீன் சந்தை வாசலில் நின்று கட்சிப் பத்திரிகை விற்ற ஐயாவின் மகன், கட்சி கொடுத்த புலமைப்பரிசிலில் போய், கமெராவைத் தோளில் வைத்துக்கொண்டு லண்டன் தெருவில் நடக்கிறார். ஐயா பார்த்திருந்தால் அன்றைக்குப் பத்திரிகை முழுவதையும் சும்மா கொடுத்திருப்பார். நான் பட்டம் எடுத்த செய்திக்குக்கூட அவர் அப்படிச் செய்யவில்லை. நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறேன் என்று எழுதியபோது, "அடுக்கிறதோட நிக்காமல் வாசி" என்று ஒரு வரி எழுதினார்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் கிடந்து உறுத்துகிறது. படம் பிடிக்கப் போன அன்று குகதாசன் அண்ணையின் அறையில் நீங்கள் ரீவிப் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தீர்கள். யன்னல் சீலையைக் கழற்றினீர்கள். ஹீற்றரை நிற்பாட்டிவிட்டு அவருக்கு ஒரு பழைய கோட்டைக் கொடுத்தீர்கள். அவர் சிரித்துக்கொண்டு, "என்ன தம்பி, என்னை விட்டுட்டு ரீவியை நாடுகடத்திப் போட்டியள்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த ரீவியில் அவருக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். அது நின்ற இடத்தில் சுவர்க் கடதாசி பளிச்சென்று இருந்ததையும், அன்ரெனா வயர் தொங்கியதையும் நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது.

"நீ முகம் காட்ட வேண்டாம், கமெராவுக்குப் பின்னால் நின்று தமிழில் கேள், குரல் மட்டும் போதும்" என்றீர்கள். அதனால்தான் என்னால் கேட்க முடிந்தது. "திரும்பிப் போகச் சொன்னால் போவீங்களோ அண்ணை?" என்று கேட்டதும் அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் தம்பியை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனதையும், தான் கோட்டில், நீதிபதிக்கு முன்னால், சாட்சி சொன்னதையும், அதற்குப் பிறகு வீடு தேடி வந்தவர்களைப் பற்றியும் சொன்னார். சட்டத்தரணியிடம் கூட அவர் இவ்வளவு சொல்லவில்லை. அங்கே மொழிபெயர்க்க அவரோடு போவது நான்தானே, எனக்குத் தெரியும். அந்தப் பதிலை முழுதாக வையுங்கள் அண்ணா. "படம் வெளியே வந்தால் உங்கட அகதி வழக்குக்கும் உதவும்" என்று சொல்லித்தான் அவரை அந்தக் கதிரையில் உட்கார வைத்தேன்.

அன்புத் தங்கை,
அருள்நாயகி

*

கிழக்கு பேர்லின்
14.7.1987

அன்புத் தங்கச்சி,

உன் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. வயரை நான் கவனிக்கவில்லை. எடிற்றிங் மேசையில் கண்டபோது தலையில் அடித்துக்கொண்டேன். இங்கே யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

படம் ஒட்டி முடிந்துவிட்டது. பெயர் "மூடிய கதவுகளின் நகரம்". பெயர் நான் வைத்ததல்ல. இங்கே படம் எடுப்பவன் ஒருவன், உரை எழுதுவது வேறொரு பிரிவு, சரி என்று சொல்வது ஏற்புக் குழு. தமிழ் யாருக்கும் விளங்காது என்பதால் மேலே வேறு குரல் ஏற்றுவார்கள். ஒருவர் பேசத் தொடங்கும்போது அவருடைய சொந்தக் குரல் ஒன்றிரண்டு சொல்லுக்குக் கேட்கும். பிறகு அதைத் தாழ்த்திவிட்டு ஜெர்மன் குரல் வரும். அது முடிந்த பிறகு கடைசியாக ஒரு சொல் திரும்பவும் அவருடையதாகக் கேட்கும். உண்மையான ஆள் பேசுகிறார் என்ற நம்பிக்கை அப்படித்தான் வரும் என்று எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள்.

குகதாசனுக்குக் குரல் கொடுத்தவர் பெரிய நாடக நடிகர். மாலையில் அரசனாக நடிப்பவர், காலையில் கோப்பியோடு வந்து எங்கள் ஆளாகப் பேசினார். வாசித்து முடிக்கும்போது உண்மையாகவே அழுதார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

உனக்குச் சிரிக்க ஒன்று சொல்கிறேன். போன மாதம் ஒரு தொழிற்சாலை நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் மேற்பார்வையாளன் "எல்லாம் ஒழுங்காக நடக்கிறது" என்கிறான். சனம் சிரித்துவிட்டது. அடுத்த நாள் அதே வசனத்தை முதுகைக் காட்டிக்கொண்டு சொல்ல வைத்தார்களாம். இன்னும் கூடச் சிரிப்பு. மூன்றாம் நாள் வசனத்தையே எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் நடிகன் பேசாமல் நிற்க, சனம் அதற்கும் சிரித்ததாம். பிறகு நாடகத்தையே நிற்பாட்டிவிட்டார்கள். இங்கே சனம் நாடகம் பார்க்கப் போவது சொல்லாததைக் கேட்கத்தான்.

இதை மாமியிடம் மட்டும் சொல். கடிதத்தில் திருப்பி எழுதாதே.

படம் நல்ல இடங்களுக்குப் போகும் என்கிறார்கள். லண்டனுக்கும் வரலாம்.

அண்ணன்,
எட்வேட்

*

லூயிஷாம்
7.2.1988

அண்ணா,

படம் லண்டனுக்கு வந்தது. அகதிகளுக்கு உதவுகிற ஒரு சங்கம் கம்டனில் ஒரு மண்டபத்தில் போட்டது. ஜெர்மன் குரலுக்குப் பதிலாக ஆங்கிலக் குரல். குகதாசன் அண்ணை மடிப்புக் குலையாத சேர்ட்டோடு என் பக்கத்தில் இருந்தார். ஊரில் கலியாண வீட்டுக்குப் போகிறவர் போல எண்ணெய் வைத்துத் தலை இழுத்திருந்தார்.

அவருடைய முகம் திரையில் வந்தது. என் குரல் கேட்டது. "திரும்பிப் போகச் சொன்னால் போவீங்களோ அண்ணை?" என் கேள்வி மட்டும் முழுதாகத் தமிழில் இருந்தது. அவர், "திரும்பிப் போறதெண்டால்..." என்று தொடங்கினார். அவ்வளவுதான். மேலே ஆங்கிலக் குரல் ஏறியது.

அந்தக் குரல் என்ன சொன்னது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், நீங்கள் தமிழில் ஒரு தரம் வாசிக்க வேண்டும். "திரும்பிப் போவதென்றால் நாளைக்கே போவேன். என்னை ஆசை காட்டி ஏமாற்றிக் கூட்டிவந்தார்கள். என் நாட்டில் எனக்கு ஒரு பயமும் இல்லை. என்னைக் கொல்வது இந்த நகரத்தின் குளிர்தான்."

அடியில் அவருடைய வாய் அசைந்துகொண்டே இருந்தது. அது என்ன சொல்கிறது என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவருக்கு ஆங்கிலம் போதாது. கடைசியில் திரும்பவும் அவருடைய குரல் வந்தது. ஒரு சொல். "தங்கச்சி."

வெளிச்சம் போட்ட பிறகு வெள்ளைக்காரப் பெண்கள் வரிசையில் வந்து அவருடைய கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்கள். அதில் ஒரு பெண் அழுதா. அவர் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு என்னிடம் குனிந்து, "என்ன தங்கச்சி சொல்லினம்? ஆமியின்ர கதைக்குத்தானே அழுகினம்?" என்றார்.

நான் "ஓம்" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த "ஓம்" என் வாயை விட்டுப் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே அவருடைய அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு, "உங்கட அண்ணைக்கு அங்க என்ன கரைச்சலோ" என்றார். அவ்வளவுதான். தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

ஏன் அண்ணா?

அருள்நாயகி

*

கிழக்கு பேர்லின்
20.3.1988

அன்புத் தங்கச்சி,

மாமியின் முழங்கால் வலி எப்படி? அந்தத் தைலத்தை இன்னும் பூசுகிறாவோ?

உன் கடிதத்தில் உள்ள உணர்ச்சியை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு படைப்பைத் தனிமனிதரின் கோணத்தில் மட்டும் பார்ப்பது சரியல்ல. ஒரு மனிதன் தன் வாயால் சொல்வது எப்போதும் அவனுடைய நிலையின் முழு உண்மை ஆகாது. முதலாளித்துவ நகரம் குடியேறிய தொழிலாளியை எப்படிச் சுரண்டுகிறது என்பதே படத்தின் பொருள். இலங்கை எங்கள் அரசோடு நட்புறவு உள்ள நாடு. அதன் உள்விவகாரங்கள் இந்தப் படத்தின் எல்லைக்குள் வரவில்லை. குகதாசன் குளிரில் கஷ்டப்படுகிறார் என்பதை நீயே மறுக்க மாட்டாய். அதைக் கலை கூர்மையாக்கிக் காட்டியது. ஏற்புக் குழுவின் தோழர்கள் அனுபவம் மிக்கவர்கள். இந்த விடயத்தில் எனக்கு வேறு கருத்து இல்லை.

உன் கேள்வியையும் வெட்டத்தான் சொன்னார்கள். அதை மட்டும் நான் விடவில்லை.

எட்வேட்

*

லூயிஷாம்
29.5.1988

அண்ணா,

உங்கள் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். முழங்காலைப் பற்றிய வரியில் சிரித்தா. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. முடிவில், "நடுவில கதைச்சது ஆர் பிள்ளை?" என்றா.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உங்கள் கடிதமே உங்கள் படம் மாதிரி. தொடக்கத்தில் இரண்டு வரி உங்களுடையது. பிறகு யாரோ மேலே ஏறிப் பேசுகிறார்கள். கடைசி வரியில் நீங்கள் திரும்ப வருகிறீர்கள். இனி உங்கள் கடிதங்களில் முதலையும் கடைசியையும் மட்டும் வாசிப்பதென்று முடிவு செய்திருக்கிறேன்.

என் கேள்வியை வெட்ட விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் வெட்டியிருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இப்போது நான் எழுதப் போவதைக் கோபம் இல்லாமல் வாசியுங்கள். அந்த மண்டபத்தில் பத்திரிகைக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். படத்தைப் புகழ்ந்து எழுதும்போது குகதாசன் அண்ணையின் பெயரையும், "நாளைக்கே திரும்பிப் போவேன்" என்பதையும் போட்டுவிட்டார். அவர் நல்ல மனதோடுதான் எழுதினார். ஆனால் அந்தத் துண்டு இப்போது குடிவரவு வழக்கில் எதிர்ப் பக்கத்துச் சட்டத்தரணியின் கையில் இருக்கிறது. அகதி அந்தஸ்து இல்லை என்று முடிவு வந்துவிட்டது. மேன்முறையீடு ஒக்ரோபரில்.

எங்கள் சட்டத்தரணி கேட்பது பெரிய விஷயம் அல்ல. மூலக் குரல் பதிந்த நாடா. அது கிடைக்காவிட்டால், "படத்தில் உள்ள ஆங்கில, ஜெர்மன் உரை அவர் சொன்னதல்ல" என்று படத்தை எடுத்தவர் கையெழுத்தோடு ஒரு வரி. கேள்வி கேட்ட நான் சாட்சி சொல்லலாம். ஆனால் நான் அவருடைய சிநேகிதி, என் சொல்லுக்கு எடை குறைவு என்கிறா.

அவருடைய மனைவி வசந்தமலர் அக்கா இரண்டு பிள்ளைகளோடு இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருக்கிறா. இங்கே வழக்கு வென்றால் அவர்கள் வரலாம். தோற்றால் இவர் போக வேண்டும். எங்கே போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு வரி அண்ணா.

அருள்நாயகி

*

கிழக்கு பேர்லின்
2.7.1988

தங்கச்சி,

இந்த மாதம் என் படிப்பு முடிகிறது. பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை.

நீ கேட்பதைச் செய்ய எனக்கு உரிமை இல்லை. படம் அதைத் தயாரித்த நிலையத்தின் சொத்து. அதன் உரை குழுவின் பொறுப்பு. அதற்கு மாறாக வெளிநாட்டு நீதிமன்றம் ஒன்றுக்கு எழுதுவது இந்த நாட்டின் விருந்தாளியாக நான் செய்யக்கூடிய செயல் அல்ல. இந்த விடயம் பற்றி இனி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பட்டம் இல்லாமல் என்னை எந்த ஊருக்கு விமானம் ஏற்றுவார்கள் என்று நீயும் கொஞ்சம் யோசித்துப் பார்.

எட்வேட்

*

லூயிஷாம்
30.10.1988

அண்ணா,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஆனால் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. ரீவியையும் வீடியோப் பெட்டியையும் சில்லு வைத்த மேசையில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதைக் கண்டதும் குகதாசன் அண்ணை, "இதாவது உள்ள வருது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மொழிபெயர்ப்பாளர் ஜம்புநாதன் என்று சென்னைக்காரர், வயதானவர். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஜம்புநாதன் ரீவிக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்டார். "அம்மா, உங்க கேள்வி தெளிவா இருக்கு. 'திரும்பிப் போறதுன்னா' அப்படின்னு ஆரம்பிக்கிறார். ஆமா, அதுவும் கேக்குது. அப்புறம் இங்கிலீஷ்காரர் பேச ஆரம்பிச்சுடறார். கடைசியில 'தங்கச்சி'ங்கிறார். நடுவில என்னன்னு நான் எப்படிம்மா சொல்றது? சத்தியம் பண்ணியிருக்கேன், கேக்காததைச் சொல்ல மாட்டேன்." அவர் சொன்னது நியாயம்தான்.

எதிர்ப் பக்கத்துச் சட்டத்தரணி மரியாதையாகவே கேட்டார். தொடக்கம் "திரும்பிப் போவதென்றால்". ஆங்கில உரையும் "திரும்பிப் போவதென்றால்" என்றுதான் தொடங்குகிறது. இரண்டும் பொருந்துகிறதே?

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணா, நான் வகுப்பில் கூடக் கை உயர்த்தாதவள். குகதாசன் அண்ணை சொன்ன முழுப் பதிலும் எனக்குப் பாடம். தம்பியின் பெயர், கோட்டு, வீடு தேடி வந்தவர்கள், "போறதெண்டால் அது சாகத்தான்" என்றது, எல்லாம் தெரியும். வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. "சத்தமாகச் சொல்லுங்கள்" என்றார்கள். திரும்பவும் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் சத்தமாக." அதே அறையில், ரீவியில், என் குரல் மணி போலக் கேட்டிருந்தது. அதை எல்லோரும் கேட்டார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. "இந்தப் படத்தை எடுத்தவர் உங்கள் சகோதரர். அவர் இந்த உரை பொய் என்று சொல்கிறாரா?"

நான் "இல்லை" என்றேன். அது சரியாகக் கேட்டது. இரண்டாம் தரம் சொல்லச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் குகதாசன் அண்ணை எனக்குக் கோப்பி வாங்கித் தந்தார். "நீங்கள் பயப்பிடாதேங்கோ. உங்கட அண்ணையைத் திட்டவும் வேண்டாம். எனக்குத் தெரியும், சாட்சி சொன்னால் என்ன வருமெண்டு. எல்லாராலையும் ஏலாது" என்றார்.

முடிவு தபாலில் வரும்.

அருள்நாயகி

*

லூயிஷாம்
22.1.1989

அண்ணா,

குகதாசன் அண்ணையைப் போன செவ்வாய்க்கிழமை திருப்பி அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்தில் பார்க்க விடவில்லை. அறையைக் காலி பண்ண நானும் மாமியும் போனோம். ரீவியில் என் பெயரை எழுதி ஒட்டியிருந்தார். நான் எடுக்கவில்லை. மாமி தூக்கிக்கொண்டு வந்துவிட்டா.

அருள்நாயகி

*

பேர்லின்
11.2.1990

அன்புத் தங்கச்சி,

ஒன்றரை வருடமாக நான் எழுதவில்லை. ஒரு வருடமாக நீயும் எழுதவில்லை. முதலையும் கடைசியையும் மட்டும் வாசிப்பேன் என்று சொன்ன உனக்கு எந்த வரியை முதலில் எழுதுவது என்று தெரியாமல் பல கடிதங்களைக் கிழித்தேன். இந்தக் கடிதத்தில் வேறு யாரும் இல்லை. முழுவதும் வாசி.

மதில் போய்விட்டது என்று ரீவியில் பார்த்திருப்பாய். நிலையத்தில் இப்போது யார் அதிகாரி என்று யாருக்கும் தெரியாது. ஏற்புக் குழுத் தலைவர் தான் எப்போதும் எதிர்ப்பாளராக இருந்ததாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். குகதாசனுக்காக அழுத நடிகர் மேற்கில் கோப்பி விளம்பரத்தில் வருகிறார். அதே குரல். அதே நடுக்கம்.

நான் கூட அப்படி ஒரு கதை சொல்லலாம். என்னை வற்புறுத்தினார்கள் என்று. அது முழு உண்மை அல்ல. அந்த உரையை முதலில் வாசித்தபோது தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இரண்டாம் தரம் வாசித்தபோது நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் தரம் ஒரு சொல்லை நானே திருத்திக் கொடுத்தேன். "குளிர்" என்று மட்டும் இருந்தது. "இந்த நகரத்தின் குளிர்" என்று மாற்றியது நான்தான். தலைவர் என் தோளில் தட்டினார். ஐயாவைத் தவிர வேறு யாரும் அதுவரைக்கும் என் தோளில் தட்டியதில்லை.

உன் கடிதங்கள் எனக்கு வருமுன் வேறொருவர் வாசித்தார். மே மாதக் கடிதம் என் கைக்கு வந்தபோது, பதிலில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். கடைசி வரி என்னுடையது. அதுதான் எல்லாவற்றிலும் கேவலமான வரி.

சேமிப்பு அறைக் காவலர் இப்போது கதவைப் பூட்டுவதில்லை. மூலக் குரல் நாடாவைத் தேடி எடுத்தேன். கசற்றில் பிரதி பண்ணி இத்துடன் அனுப்புகிறேன். குகதாசனின் வழக்கை இனித் திறக்கலாமோ? அவர் இப்போது எங்கே?

இங்கே தங்க எனக்கு இருந்த அனுமதி முடிகிறது. இந்த அரசு போய் வேறு அரசு வரும்போது எங்களைப் போன்றவர்களை வைத்திருக்க யாரும் விரும்பவில்லை. மன்னாருக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வரியை எழுத எனக்கு வெட்கம், ஆனாலும் எழுதுகிறேன். லண்டனுக்கு வர ஓர் அழைப்புக் கடிதம் எழுதுவாயோ? படுக்க ஒரு மூலை போதும்.

அண்ணன்

*

லூயிஷாம்
1.4.1990

அண்ணா,

உங்கள் கடிதத்தை முழுவதும் வாசித்தேன்.

குகதாசன் அண்ணை கொழும்பில் இறங்கினார். அங்கிருந்து வடக்குக்குப் பஸ் ஏறினார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினார்கள் என்று பக்கத்து இருக்கையில் இருந்தவர் வசந்தமலர் அக்காவுக்கு எழுதியிருக்கிறார். இறக்கியது ஆமியோ வேறு யாரோ என்று அவருக்கும் தெரியவில்லை. பஸ் போய்விட்டது. பிறகு ஒரு தகவலும் இல்லை. அக்கா முகாமில் இருந்து எழுதாத இடம் இல்லை. பெப்ரவரியில் எனக்கு எழுதியபோது வேறொன்று கேட்டிருந்தா. சின்னவனுக்கு அப்பாவின் முகம் புகைப்படத்தில் தெரியும், குரல் மறந்துவிட்டதாம். "நீங்கள் ஒரு படத்தில அவரைக் கதைக்க வைச்சனீங்களாம். அதில அவரின்ர குரல் இருக்குமோ?" என்று கேட்டிருக்கிறா.

அந்தக் கடிதம் வந்து இரண்டு கிழமையில் உங்கள் கசற் வந்தது.

மாமியும் நானும் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டோம். முதலில் உங்கள் குரல் வருகிறது, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கோ அண்ணை" என்று. எவ்வளவு மரியாதை. பிறகு நான். பிறகு அந்த அமைதி. படத்தில் அந்த அமைதி இல்லை, வெட்டிவிட்டீர்கள். பிறகு அவர், "திரும்பிப் போறதெண்டால்..." என்று தொடங்குகிறார். தம்பியின் பெயர், கோட்டு, வந்தவர்கள், நான் அன்றைக்குச் சொல்ல முடியாமல் நின்ற ஒவ்வொரு சொல்லும். "திரும்பிப் போறதெண்டால் அது சாகத்தான். செத்தாலும் பரவாயில்லை, பிள்ளையளுக்கு எங்க செத்தனெண்டாவது தெரிய வேணும். தம்பிக்கு அது கூட இல்லை." மாமி செபமாலையை எடுத்துவிட்டா.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். "தங்கச்சி" எங்கே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. படத்தில் கடைசியாகக் கேட்ட சொல் அதுதானே. அவர் ஏன் என்னைக் கூப்பிட்டார் என்பது எனக்கு மறந்து போயிருந்தது. விசாரணையில் கூட யாரும் அதைக் கேட்கவில்லை.

நாடா கொஞ்சம் இரைந்தது. கதிரை அசைந்த சத்தம். பிறகு அவர் கேட்கிறார்:

"நான் சொன்னது சரியே? உங்கட அண்ணையின்ர படத்துக்கு இது பிரயோசனப்படுமே, தங்கச்சி?"

அதற்கு என் குரல், மணி போல:

"ஓம் அண்ணை. நல்லாப் பிரயோசனப்படும்."

வழக்கைத் திறக்கலாமோ என்று கேட்டிருந்தீர்கள். ஆள் இல்லாமல் வழக்கு இல்லை என்று சட்டத்தரணி சொல்லிவிட்டா.

கசற்றை இன்னொரு பிரதி எடுத்து வசந்தமலர் அக்காவுக்கு அனுப்பினேன். மாமி கடைசித் துண்டை விட்டுவிடச் சொன்னா. "அந்தப் பிள்ளைக்கு அது வேண்டாம்" என்றா. நான் ஓரிடமும் வெட்டவில்லை. உங்கள் குரல், என் குரல், அமைதி, கேள்வி, பதில், எல்லாம் இருக்கிறது. கூடவே ஒரு கடிதம் வைத்தேன். படத்தை எடுத்தது யார், உட்கார வைத்தது யார், நடுவில் பேசியது யார், ஒரு வரி எழுதித் தராதது யார் என்று பெயர்களோடு எழுதியிருக்கிறேன். இந்த முறை என் சத்தம் அவவுக்குக் கேட்கும் என்று நினைக்கிறேன்.

அழைப்புக் கடிதத்துக்கு வேண்டியதை விசாரித்து வைத்திருக்கிறேன். மாமி மேல் அறையை ஒதுக்கிவிட்டா. அங்கேதான் குகதாசன் அண்ணையின் ரீவி இருக்கிறது. மாமியைப் பொறுத்தவரை நீங்கள் வந்துவிட்டீர்கள்.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் வரலாமோ என்று வசந்தமலர் அக்காவையும் அதே கடிதத்தில் கேட்டிருக்கிறேன். அவவின் பதில் வரட்டும்.

அருள்நாயகி